முகத்து நிழலைத் திருத்த மவுஸ் போதுமா, டேப்லெட் வாங்க வேண்டுமா?

மங்கல்படம்:

அனைவருக்கும் வணக்கம். படங்களைத் திருத்துவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை எல்லாவற்றையும் மவுஸாலேயே செய்து வந்திருக்கிறேன். பெரும்பாலும் முகப்படங்கள். ஒளியளவைச் சரிசெய்வது, நிறத்தைச் சமன்செய்வது, ஓரங்களை வெட்டுவது, பருவை நீக்குவது ஆகிய எதிலும் மவுஸ் எனக்குக் குறை வைத்ததில்லை. இப்போது வீட்டில் கிடந்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஸ்கேன் செய்து சீர்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். அங்கேதான் கை திணறுகிறது.

பாட்டியின் படம் ஒன்று. முகத்தின் இடப்பக்கம் வெளிறிப்போய், கன்னம் எங்கே முடிகிறது, காது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. 50 விழுக்காடு சாம்பல் நிறம் நிரப்பிய லேயரை (படத்தின் மேல் விரிக்கும் அடுக்கு) சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வைத்து, அதன்மேல் கறுப்பு பிரஷ்ஷால் நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன். ஒப்பேசிட்டியை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, பத்து விழுக்காட்டுக்குக் குறைத்துத்தான் தீட்டுகிறேன். ஆனாலும் ஒரு தீற்றலின் மேல் இன்னொன்று ஏறுகிற இடமெல்லாம் திட்டுத் திட்டாக நின்றுவிடுகிறது. பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிவதில்லை. சிறிதாக்கினால் கன்னம் முழுக்கத் தேமல் படர்ந்தது போல் இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடியும் தொடங்குகிறேன், மறுபடியும் தேமல்.

பேனாவால் தீட்டும் பலகையான கிராபிக்ஸ் டேப்லெட் வாங்கினால் இது தீருமா, அல்லது குறை என் கையில்தானா? வாங்குவதென்றால் எந்த அளவு? என் திரை 27 அங்குலம். மேசையில் கீபோர்டும் மவுஸும் போக அதிக இடமில்லை. பேனா 8192 அழுத்தப் படிநிலைகளை உணரும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா? திரையோடு கூடிய டேப்லெட்தான் வாங்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். எனக்கு ஒரு மாம்பழம்கூட ஒழுங்காக வரைய வராது. அப்படிப்பட்டவருக்குப் பேனா எதற்கு என்ற ஐயமும் இருக்கிறது. போட்டோஷாப், கிம்ப் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.


ஸ்லைடர்மன்னன்:

என் வாக்கு மவுஸுக்கு.

நான் நிகழ்ச்சிப் படங்கள் எடுப்பவன். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் குவியும். தேறுவதைப் பொறுக்க வேண்டும், ஒளியைச் சரிசெய்ய வேண்டும், அதே திருத்தத்தை அடுத்த ஐம்பது படங்களுக்கும் ஒட்ட வேண்டும். இந்த வேலையில் பேனாவுக்கு இடமே இல்லை. சொல்லப்போனால் இடைஞ்சல்தான். ஸ்லைடரைச் சரியான எண்ணில் நிறுத்திவிட்டுப் பேனா முனையைத் தூக்குகிற அந்த நொடியில் எண் ஒன்றிரண்டு நகர்ந்துவிடும். மவுஸில் அந்தத் தொல்லை கிடையாது. 2021இல் லைட்ரூமில் ஆளையும் வானத்தையும் தானே பிரித்தெடுக்கும் மாஸ்க் (திருத்தம் எந்தப் பகுதியில் மட்டும் விழ வேண்டும் என்று காட்டும் மறைப்பு) வந்த பிறகு, பிரஷ்ஷைப் பிடித்து ஓரம் கட்டும் வேலையும் எனக்குப் பெரும்பாலும் போய்விட்டது.

உங்கள் தேமலுக்கு மவுஸிலேயே மருந்து இருக்கிறது. ஒப்பேசிட்டியை நூறிலேயே விட்டுவிட்டு, ஃப்ளோவை (பிரஷ்ஷிலிருந்து நிறம் வழியும் வேகம்) ஒன்று அல்லது இரண்டுக்குக் குறையுங்கள். பிரஷ்ஷின் ஓரத்தை முழுக்க மென்மையாக்கி, அதைக் கன்னத்தின் அகலத்துக்குப் பக்கமாகப் பெரிதாக்குங்கள். பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருங்கள். நிழல் மெல்ல ஏறும். ஒப்பேசிட்டியைக் குறைத்து வைத்தால் ஒரே தீற்றலுக்குள் அந்த எல்லையைத் தாண்டாது, ஆனால் பொத்தானை விட்டு மறுபடி அழுத்தியதும் அதன்மேல் இன்னொரு அடுக்கு விழும். திட்டு அங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. வெளிச்சத்தை மாற்றும் கர்வ்ஸ் லேயர் போட்டுப் படத்தை இருட்டாக்கி, அதன் மாஸ்க்கைக் கறுப்பால் நிரப்புங்கள். நிழல் வேண்டிய இடத்தை வெள்ளையால் தாறுமாறாக அடையுங்கள். பிறகு ப்ராப்பர்ட்டீஸ் பலகத்தில் ஃபெதரை ஏற்றுங்கள், ஓரம் கரைந்துவிடும். நாளைக்கு மனம் மாறினால் ஃபெதரைத் திரும்பக் குறைத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம்.


வெள்ளிஉப்பு:

பழைய படங்களைச் சீர்படுத்துவதுதான் என் பிழைப்பு. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்லைடர்மன்னன் சொன்னது அவருடைய வேலைக்கு முழுக்கச் சரி. ஆனால் நீங்கள் கேட்டது ஆயிரம் படங்களைப் பற்றி அல்ல. ஒரு கன்னத்தைப் பற்றி.

முதலில் விளம்பரக்காரர்கள் கிளப்பிவிட்ட ஒரு நம்பிக்கையை ஒதுக்கி வைப்போம். துல்லியத்துக்காக டேப்லெட் வாங்காதீர்கள். ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில் மவுஸை எதுவும் வெல்லாது. கையை எடுத்துவிட்டு எழுந்து போனாலும் கர்சர் வைத்த இடத்திலேயே கிடக்கும். பேனாவோ கையோடு சேர்ந்து நடுங்கும். படத்தின் குறுக்கே நீளமாக ஓடும் மடிப்புக் கோட்டை நீக்குவதற்கு, ஒரு முனையில் சொடுக்கி, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் சொடுக்கினால், பழுதை மறைக்கும் ஹீலிங் பிரஷ் நேர்கோட்டில் ஓடிவிடும். இதை நான் மவுஸில்தான் செய்கிறேன். சட்டைக் காலரின் விளிம்பைப் பென் டூலால் புள்ளி வைத்து வளைத்தெடுப்பதும் மவுஸில்தான். டேப்லெட் பக்கத்திலேயே கிடக்கும், தொடமாட்டேன்.

டேப்லெட் வாங்குவதற்கு இருக்கும் ஒரே காரணம் அழுத்தம். மவுஸ் பொத்தானுக்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: அழுத்தியது, அழுத்தாதது. நீங்கள் போடும் பத்து விழுக்காட்டுத் தீற்றல் முதல் கணத்திலிருந்தே பத்துதான், கடைசிக் கணம் வரைக்கும் பத்துதான். பேனாவின் தீற்றல் ஒன்றுமில்லாமல் தொடங்கி, நடுவில் அடர்ந்து, ஒன்றுமில்லாமல் முடிகிறது. தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியாததால், அடுத்தது அதன்மேல் ஏறினாலும் சேர்ந்த இடம் தெரிவதில்லை. குறை உங்கள் கையில் இல்லை. கை எவ்வளவு மெதுவாக அழுத்துகிறது என்ற செய்தி கணினிக்குப் போய்ச் சேரவே இல்லை.

ஃபெதர் வழி நல்ல வழி. பின்னணியை இருட்டாக்க நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் ஃபெதர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கரையும். முகத்தில் நிழல் அப்படி விழுவதில்லை. மூக்கின் ஓரத்தில் வெடுக்கென்று தொடங்கி, கன்னத்தை நோக்கிப் போகப்போகக் கரையும். தாடை எலும்பின் கீழ்ப்பக்கம் கூர்மையாக இருக்கும். மேல்பக்கம் மென்மையாக இருக்கும். ஒரு பக்கம் கூர்ந்தும் மறுபக்கம் கரைந்தும் இருக்கிற இந்த நிழல்தான் தட்டையான காகிதத்தில் முகத்துக்கு உருட்சியைத் தருகிறது. பேனாவில் அது ஒரே இழுப்பு: ஓரத்தில் அழுத்தி வைத்து, கன்னத்தின் பக்கம் இழுக்கும்போதே கையைத் தளர்த்தினால் முடிந்தது. மவுஸில் முடியாதென்று சொல்லவில்லை. தீட்டி, அழித்து, மங்கலாக்கி, மறுபடி தீட்டி எப்படியோ வந்துவிடும். ஒரே ஒரு படமென்றால் அதையே செய்யுங்கள். பெட்டி நிறையப் படங்கள் இருந்தால் அந்தப் பொறுமை யாருக்கும் நீடிப்பதில்லை.

புருவமும் முடியும் இன்னொரு இடம். மேற்பூச்சு வெடித்து உதிர்ந்த படங்களில் விரிசல் புருவத்தின் நடுவே போயிருக்கும். கிளோன் ஸ்டாம்ப்பால் பக்கத்து மயிரை எடுத்து ஒட்டினால் ஒரே வடிவம் இரண்டு முறை வந்து காட்டிக்கொடுத்துவிடும். அங்கே மயிரை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும்: வேரில் தடித்து நுனியில் மெலிந்து. அழுத்தத்தை பிரஷ்ஷின் அளவோடு இணைத்துவிட்டால் ஒரு சுண்டலில் ஒரு மயிர் வந்துவிடும். மவுஸில் போட்ட மயிர், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமனில் கம்பியாக நிற்கும். படம் வரையத் தெரியாதே என்று கவலைப்படுகிறீர்கள். இதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. வடிவம் படத்திலேயே இருக்கிறது. காலம் தின்றதை நிரப்புவதுதான் வேலை. பென்சிலால் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும்.

8192 என்ற எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள், பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 8 பிட் படத்தின் மாஸ்க்கில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தமே 256 படிகள்தான். 2048 படிநிலைகள் உள்ள பழைய டேப்லெட்டில் செய்த வேலையையும் 8192இல் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று என்னால் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது வேறு: மிக மெல்லத் தொட்டாலும் கோடு விழுகிறதா? சில பேனாக்களில் ஓரளவு அழுத்திய பிறகுதான் உயிர் வரும். கன்னத்து நிழல் முழுக்க அந்த மெல்லிய தொடுகையில்தான் இருக்கிறது, அந்தப் பகுதியே கிடைக்காத பேனாவில் எத்தனை ஆயிரம் படிநிலை இருந்தும் பயனில்லை. ஆகவே முடிந்தால் வாங்கும் முன் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பேட்டரி இல்லாத பேனாவாகவும் பாருங்கள். வாக்கம் நிறுவனம் நெடுங்காலமாகச் செய்துவரும் மின்காந்த ஒத்ததிர்வு முறையில் பேனாவுக்கு வேண்டிய ஆற்றலைப் பலகையே தருகிறது. இன்று ஹுயோன், எக்ஸ்பி-பென் போன்ற மற்றவர்களும் பேட்டரி இல்லாத பேனாக்களைத் தருகிறார்கள். வேலை நடுவில் பேனாவைச் சார்ஜ் போட்டுவிட்டுக் காத்திருக்கும் எரிச்சல் இராது.

அளவைப் பொறுத்தவரை: 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். சிறிய டேப்லெட்டின் வேலைப்பரப்பு 15 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதாவது கை ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் நான்கு சென்டிமீட்டர் ஓடும். கையின் நடுக்கமும் நான்கு மடங்காகும். நடுத்தர அளவில் பரப்பு 22 சென்டிமீட்டர் வரும், பெருக்கம் மூன்றுக்குள் அடங்கும். உங்கள் திரைக்கு நடுத்தர அளவுதான் என் விருப்பம். ஆனால் மேசையில் இடமில்லை என்கிறீர்கள். சிறியதை வாங்கினால் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், நடுக்கம் படத்தில் தெரியாது. பெரியது வேண்டவே வேண்டாம். அது தோளிலிருந்து கையை வீசி வரைகிற ஓவியர்களுக்கானது. முகம் திருத்துகிறவருக்கு மணிக்கட்டும் விரல்களும் போகும் தூரம் போதும்.

திரை உள்ள டேப்லெட் வேண்டாம். ஓவியருக்கு அது வரமாக இருக்கலாம். நமக்கு முகத்தின் மேலேயே கை மறைத்துக்கொண்டு நிற்கும். குனிந்தே இருப்பதால் கழுத்து வலிக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி உள்ள மலிவான வகையில் பேனா முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிறமும் வெளிச்சமும் அளவிட்டுச் சரிசெய்த ஒரு திரையைப் பார்த்துத்தான் நிழலைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். அந்தப் பணத்தில் உங்கள் திரையை அளவிடும் கருவி ஒன்றை வாங்கலாம்.

கடைசியாக, டேப்லெட்டுக்கும் மவுஸுக்கும் தொடர்பில்லாத ஒன்று. ஸ்கேன் செய்யும்போது 16 பிட்டில் செய்தீர்களா? 8 பிட்டில் எடுத்த வெளிறிய பகுதியை இழுத்து இருட்டாக்கினால் படிப்படியாக உடையும். தேமலில் ஒரு பங்கு அதுவாகவும் இருக்கலாம். நிழல் ஏற்றிய இடம் வழுவழுவென்று தனியாகத் தெரிந்தால் அந்த லேயரில் கொஞ்சம் நாய்ஸ் (பொடிப்புள்ளிகள்) சேருங்கள். பழைய படத்தில் மணிமணியாக இருக்கும் சொரசொரப்பு எங்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் கண் நம்பும். முகத்தைத் தானே சீராக்கித் தருகிற செயற்கை நுண்ணறிவு வசதிகளைப் பற்றியும் யாராவது இங்கே சொல்வார்கள். அவை இல்லாத கண்ணிமையையும் பல்லையும் கற்பனையாகப் போட்டுவிடுகின்றன. முகம் அழகாக வரும், பாட்டியாக இருக்கமாட்டார்.


இடங்கை:

ஒரு வார்த்தை சேர்க்கிறேன். நீண்ட நேரம் மவுஸில் கிளோன் செய்து மணிக்கட்டு வலி வந்ததால் நான் பேனாவுக்கு மாறினேன். மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்க முன்கை முறுக்கிக்கொள்கிறது. பேனாவில் கை எழுதும் நிலையில் பக்கவாட்டில் கிடக்கிறது. எனக்கு அது இதமாக இருந்தது. ஆனால் இதை வைத்தியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேனாவை இறுக்கிப் பிடிப்பவருக்கு வலி மணிக்கட்டிலிருந்து கட்டைவிரலுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இடம் இல்லாதவர்களுக்கு என் ஏற்பாடு: டேப்லெட் திரைக்கு நேராக, மார்புக்கு முன்னால். கீபோர்டு இடப்பக்கம் சற்றுத் திருப்பி. மவுஸும் இடப்பக்கமே. என் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேனாவை வலக்கையில்தான் பிடிக்கிறேன், மவுஸுக்குத்தான் இடக்கை. ஸ்லைடர், மெனு, படத்தைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது எல்லாம் இடக்கை மவுஸில் நடக்கும். தீட்டுவது மட்டும் பேனாவில். தொடக்கத்தில் கோணலாக இருக்கும், பிறகு பழகிவிடும். மவுஸா பேனாவா என்று ஏன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? கை இரண்டு இருக்கிறதே.

டேப்லெட்டைத் திரைக்குக் கோணலாகத் திருப்பி வைக்காதீர்கள். தாளைச் சாய்த்து எழுதிப் பழகியவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். பலகை கோணலாகத் திரும்பியிருந்தால் நேராக இழுத்த கோடு திரையில் ஏறும் அல்லது இறங்கும், நாம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.


மங்கல்படம்:

எல்லோருக்கும் நன்றி. ஃப்ளோவை இரண்டுக்குக் குறைத்துப் பார்த்தேன். திட்டு நன்றாகவே குறைந்தது. ஆனால் வெள்ளிஉப்பு சொன்ன மூக்கோரம் வரவில்லை. நிழல் மூக்கின் மேலேயும் ஏறி, மூக்கே சப்பையாகிவிட்டது. ஸ்கேன் 8 பிட்தான். மறுபடி எடுக்கப் போகிறேன்.

நண்பரிடம் சும்மா கிடந்த சிறிய டேப்லெட் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வாங்கி வந்தேன். இப்போது சிக்கல் வேறு. போட்டோஷாப்பில் எவ்வளவு மெல்லத் தொட்டாலும் கோடு முழுக் கறுப்பில் விழுகிறது. பேனாவை ஓரிடத்தில் வைத்திருந்தால் ஒரு வளையம் தோன்றி வலச்சொடுக்கு ஆகிவிடுகிறது. வட்டம் போட்டால் நீள்வட்டம் வருகிறது. கர்சர் சில நேரம் நடுவழியில் நின்றுவிடுகிறது. இரட்டைச் சொடுக்கோ பத்தில் எட்டு முறை வேலை செய்வதில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மவுஸுக்கே திரும்பலாம் என்று தோன்றுகிறது.


வெள்ளிஉப்பு:

தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் சொன்ன ஐந்தும் அமைப்புகளில் தீரக்கூடியவை. டேப்லெட் வேண்டாம் என்று மூலையில் போட்டவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

முழுக் கறுப்பு: இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். பிரஷ் செட்டிங்ஸ் பலகத்தில் டிரான்ஸ்ஃபரைத் திறந்து, ஒப்பேசிட்டியின் கட்டுப்பாட்டைப் பேனா அழுத்தம் என்று மாற்றுங்கள். முடி போடும்போது மட்டும் ஷேப் டைனமிக்ஸில் அளவுக்கும் அதையே செய்யுங்கள். கன்னத்துக்கு அளவு மாறவே கூடாது. அடர்த்தி மட்டும் மாற வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால் அழுத்தமே போட்டோஷாப்புக்கு வந்து சேரவில்லை என்று பொருள். விண்டோஸில் போட்டோஷாப் இயல்பாக விண்டோஸ் இங்க் என்ற பேனா வசதி வழியாகத்தான் அழுத்தத்தைப் பெறும். டேப்லெட்டின் டிரைவரில் (அதை இயக்கும் மென்பொருள்) அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட்டை அந்தக் கணினியில் பயன்படுத்தியிருந்தால் அதன் டிரைவரை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள். இரண்டு டிரைவர்கள் ஒரே வீட்டில் குடியிருக்க ஒப்புவதில்லை.

வளையம்: அழுத்திப் பிடித்தால் வலச்சொடுக்கு என்பது விண்டோஸின் பேனா அமைப்பு. கன்ட்ரோல் பேனலில் பேனாவும் தொடுகையும் என்ற பகுதியில் அதை அணைக்கலாம்.

நீள்வட்டம்: திரை 16:9, பலகை 16:10 அல்லது வேறு விகிதம். டிரைவரில் விகிதத்தைக் காக்கும் தெரிவைப் போட்டால் பலகையில் ஒரு கீற்று வீணாகும், வட்டம் வட்டமாகும். இரண்டு திரைகள் இருந்தால் டேப்லெட்டை ஒன்றோடு மட்டும் இணையுங்கள். இரண்டிலும் பரப்பினால் ஏற்கெனவே சிறியதாக உள்ள பலகை பாதியாகிவிடும்.

கர்சர் நிற்பது: பேனாவை அளவுக்கு மீறித் தூக்குகிறீர்கள். பலகையின் மேல் ஒரு சென்டிமீட்டர் உயரம் வரைதான் அதற்குக் கண் தெரியும். மவுஸைத் தூக்கி வைத்துப் பழகிய கை அதையே இங்கும் செய்யும். டிரைவரில், பேனாவை மவுஸ் போலவே நடக்கவிடும் மவுஸ் நிலை என்று ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். பலகையின் மேல்மூலை என்றால் திரையின் மேல்மூலை என்று கை கற்றுக்கொள்வதுதான் டேப்லெட்டின் முதல் பாடம். மவுஸ் நிலையில் அந்தப் பாடமே நடக்காது. இணையத்தில் உலாவுவது, கோப்புகளைத் திறப்பது போன்ற சில்லறை வேலைகளையும் கொஞ்ச நாள் பேனாவிலேயே செய்யுங்கள்.

இரட்டைச் சொடுக்கு: இரண்டு தட்டல்களும் ஒரே புள்ளியில் விழாததுதான் காரணம். பேனாவின் பக்கப் பொத்தானுக்கு இரட்டைச் சொடுக்கை ஒதுக்கிவிடுங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகு டிரைவரில் அழுத்த வளைவைப் பாருங்கள். முகவேலைக்கு நான் அதைக் கடினமான பக்கம் தள்ளி வைக்கிறேன்: கொஞ்சம் அழுத்தினால் மிகக் கொஞ்சமே வரும். ஃப்ளோவையும் ஐந்துக்கு மேல் ஏற்றுவதில்லை. ஸ்லைடர்மன்னனின் வித்தையும் பேனாவும் எதிரிகள் அல்ல. சேர்ந்தால்தான் கன்னம் வரும். விண்டோ மெனுவில் அரேஞ்சுக்குள் போய் அதே படத்துக்கு இன்னொரு சாளரத்தைத் திறந்து, அதை ஓரமாகச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிதில் தீட்டும்போதே சிறிதில் தேமல் விழுகிறதா என்று தெரிந்துகொண்டே இருக்கலாம்.


ஸ்லைடர்மன்னன்:

ஃபெதர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கரைகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மவுஸ்காரர்களுக்காக ஒன்று: மூக்கின் ஓரத்தை முதலில், சுற்றிக் கோடிட்டுப் பகுதியைப் பிரிக்கும் லாஸ்ஸோவால் தேர்வு செய்துகொண்டு, அதற்குள் மட்டும் மென்மையான பெரிய பிரஷ்ஷால் தீட்டினால் அந்தப் பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கரைந்தும் வரும். தேர்வுக்கு ஒன்றிரண்டு பிக்சல் ஃபெதர் கொடுத்தால் வெட்டியது போலத் தெரியாது.


வெள்ளிஉப்பு:

இது நல்ல வழி. பேனா இருந்தும் தாடைக்கு நானும் சில நேரம் இப்படித் தேர்வு போட்டுக்கொள்வதுண்டு.


மங்கல்படம்:

அழுத்தம் வந்துவிட்டது! முதல் நாள் கை எங்கெங்கோ போனது. இப்போது கன்னம் ஓரளவு பிடிபடுகிறது. மூக்கும் திரும்பக் கிடைத்தது. மடிப்புக் கோடுகளுக்கு மவுஸைத்தான் தேடுகிறேன். நண்பரிடம் இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடுத்தர அளவில் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். கீபோர்டை இடங்கை சொன்னபடி நகர்த்திப் பார்த்தேன், இடம் தேறுகிறது.

ஒரே ஒரு கேள்வி மீதி. கிம்ப்பில் பேனா சாதாரண மவுஸாகத்தான் நடந்துகொள்கிறது. அது மட்டுமல்ல, மவுஸைத் தொட்டால் கையிலிருக்கும் டூல் மாறிவிடுகிறது. பேனாவில் பிரஷ், மவுஸில் அழிப்பான்! இது பழுதா?


வெள்ளிஉப்பு:

பழுதல்ல. கிம்ப் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனி டூலை நினைவில் வைத்துக்கொள்ளும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், மவுஸில் நகர்த்தும் டூலை வைத்துக்கொண்டு பேனாவில் பிரஷ்ஷை விட்டுவிடுவேன். வேண்டாமென்றால் விருப்பத்தேர்வுகளில் உள்ளீட்டுச் சாதனங்கள் பகுதியில், டூலைச் சாதனங்களுக்கிடையே பகிர்ந்துகொள்ளும் தெரிவு இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள்.

அழுத்தத்துக்கு: எடிட் மெனுவில் உள்ளீட்டுச் சாதனங்களைத் திறந்தால் உங்கள் பேனா பட்டியலில் தெரியும். அதன் நிலை முடக்கப்பட்டதாக இருக்கலாம். அப்படியிருந்தால் அதைத் திரை என்று மாற்றிச் சேமியுங்கள். டேப்லெட்டைக் கணினியில் செருகிய பிறகு கிம்ப்பைத் திறப்பது நல்லது. முன்பே திறந்திருந்தால் பட்டியலில் வராமல் போகலாம். பிறகு பிரஷ்ஷின் தெரிவுகளில் டைனமிக்ஸ் என்ற இடத்தில் அழுத்தத்துக்கு ஒப்பேசிட்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். முடிக்கு அழுத்தத்துக்கு அளவு.

புதியது வாங்கும்போது பெட்டியில் மாற்று முனைகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேனா முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி போல் ஆகும்; அதன் கூர் பலகையைக் கீறத் தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். நண்பருடையதையும் திருப்பிக் கொடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.